நின்றோம்

பூப்பந்து மண்டபத்தில் விசாரணை.
வலையைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள்.
வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்,
இந்தப் பக்கம் நான்.
மின்விசிறி பகாவ் வெயிலை
ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது.

மலாய் எனக்கு நன்றாகவே வரும்.
சந்தையில் மீன் விலையைக் குறைக்கிற மலாய்,
மகளின் ஆசிரியரோடு மல்லுக்கட்டுகிற மலாய்.
ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்றேன்.
அன்றிரவு என் வாயில் வந்தது தமிழ்ச் சொல்.
மொழிபெயர்க்கப் பெரிய கிராணி தேவசகாயம் உட்கார்ந்தார்.

சொன்னேன்.
அவிப்புக் கலத்தின் கதவுப் பூட்டு செத்து இரண்டு மாதம்.
கோழிக்கூண்டுக்குக் கட்டுகிற கம்பியால் கட்டியிருந்தது.
அழுத்தமானியின் முள் சுழியத்தில் படுத்துவிட்டது.
உள்ளே ஆவி இருக்கிறதா போய்விட்டதா என்று
ரஃபிகுல் கதவோரம் காதைக் கொடுத்துத்தான் கேட்பான்.
ஒரு வியாழக்கிழமை அந்தக் காது வெந்தது.
மூன்று முறை எழுதிக் கொடுத்தோம்.
மூன்றிலும் 'பெறப்பட்டது' முத்திரை உண்டு.

அடுத்த வாரம் அதே கதவுக்கு
நேப்பாளத்துப் பையன் தில் பகதூரை அனுப்பினார்கள்.
பதினொன்றே முக்காலுக்கு அவன் காதைக் கொண்டுபோனான்.
"நில்லுடா" என்றேன்.
அவனுக்குத் தமிழ் தெரியாது. நின்றான்.
பிறகு பிழிபொறி நின்றது.
குணாளன் கொதிகலனைப் பதமாகத் தணித்தான்.
எட்டுப் பேரும் வெளியே வந்து நின்றோம்.

கிராணி எழுதியதைப் படித்தார்:
"செமுவா பெர்ஹெந்தி கெர்ஜா."
தலைவர் நிமிர்ந்தார்.
வேலையை விட்டுவிட்டீர்கள்.
அப்புறம் இங்கே எதற்கு வந்தீர்கள்?

இல்லை, விடவில்லை என்றேன்.
அப்படியானால் மோகோக். வேலைநிறுத்தம்.
அதற்கான சட்டம் அவர் கையில் தயாராக இருந்தது:
ரகசிய வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு,
முடிவை அனுப்பிவிட்டு ஏழு நாள்.
வாக்கு எடுத்தீர்களா?

கலத்துக்குள் இருந்ததற்கு
ஏழு நாள் பொறுமை உண்டா என்று அவர் கேட்கவில்லை.

அன்றிரவு ஆலை வாசலில் நின்ற லோரிகள் பதினான்கு,
கடைசி லோரி பெட்ரோல் நிலையத்தருகே நின்றது என்று
மேலாளர் வாசித்தார்.
லோரிகள் நின்றதை மட்டும்
எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்கள்.

நான் கொண்டுபோனதும் சட்டம்தான்.
சங்கத்துச் சவரிமுத்து சிரம்பானிலிருந்து அனுப்பிய நகல்,
மஞ்சள் மையில் ஒரே வரி:
உடனடி ஆபத்து என்று நம்ப நியாயம் இருந்தால்
விலகிக்கொள்ளலாம்.
"உடனடி என்றால் எத்தனை நிமிடம்?"
என்றார் மனிதவள அதிகாரி.
கிண்டல் இல்லை. குறித்துக்கொள்ளப்
பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் கேட்டார்.

நான் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் புளிப்பை அளக்கிறவள்.
செம்பனைக் குலை காத்துக் கிடந்தால்
எவ்வளவு புளிக்கும் என்று தசமத்தில் சொல்வேன்.
இதை அளக்க என்னிடம் குடுவை இல்லை.

கிராணி குனிந்து மெல்லக் கேட்டார்:
"ரெங்கநாயகி, நின்னதுன்னா எந்த நின்னது?
பெர்ஹெந்தியா, பெர்டிரியா?"
ஓய்ந்ததா, காலூன்றியதா.
"ரெண்டும்தாண்ணே. நம்மகிட்ட ஒரே சொல்லுதான்."
"ஒண்ணைத்தாம்மா எழுத முடியும்."

அவர் பேனா தாளுக்கு ஒரு விரல் மேலே
நின்றது.
அதற்கும் அதே சொல்தான்.

முடிவு இன்னும் வரவில்லை.
எட்டுப் பேருக்கும் அரைச் சம்பளம்.
ஒட்டுக்கடையில் கணக்கை யாரும் அரையாக்கவில்லை.

நேற்று மறு ஷிப்டு அஞ்சப்பன்
கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான்.
எழுத்து எதுவும் இல்லை.
கலத்தின் கதவு.
பழைய கம்பியைக் காணோம்.

புதுக் கம்பி. பளபளவென்று,
இரட்டை முறுக்கு.